ஒண்ட ஓர் இடம்: கருணையா, கடமையா?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால், மூன்றும் ஒரே தன்மையுடையவை என்று எண்ணிவிடுகிறோம். சற்றே ஆழ்ந்து நோக்கினால் மூன்றாவது தேவை முதலிரண்டினின்றும் வேறுபட்டு நிற்பது புலப்படும். கடைத்தெருவில் அரிசி விற்பவர் வாங்குபவனின் பிறப்பையும் பெயரையும் கேட்பதில்லை. துணி விற்பவரும் கேட்பதில்லை. கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் இருவரும் தத்தம் வழியே சென்றுவிடுகின்றனர். வாடகைக்கு அறை கேட்பவனோ காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை; அங்கேயே தங்கிவிடுகிறான். அவன் மாடிப்படி ஏறும் ஓசையும், அவன் அடுப்பின் மணமும், அவனைக் காண வரும் நண்பர்களின் முகமும் வீட்டுக்காரருடைய அன்றாட வாழ்வின் பகுதியாகிவிடுகின்றன. எனவேதான், "உன்னிடம் பணம் இருக்கிறதா?" என்னும் வினாவோடு "நீ யார்?" என்னும் வினாவும் அங்கே சேர்ந்து பிறக்கிறது.

இந்த இரண்டாவது வினா எங்கே நியாயமானது, எங்கே அநியாயமாகிறது? தன் நாட்டை விட்டுப் பிற நாட்டுக்கு உயர்கல்வி தேடிச் செல்லும் ஒருவனுக்குத் தங்க இடம் கொடுப்பது கொடுப்பவரின் கருணையா, அல்லது யாரேனும் நிறைவேற்றியே ஆக வேண்டிய கடமையா? கடமை என்றால் அது யாருடைய கடமை? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. நம் பிள்ளைகள் லண்டனிலும் மெல்பர்னிலும் அறை தேடுகிறார்கள். பிற நாட்டுப் பிள்ளைகள் நம் வாசலில் வந்து அறை கேட்கிறார்கள். தராசின் இரு தட்டுகளிலும் நாம் இருக்கிறோம்.

ஆய்வு மாணவனின் நிலை

இளநிலைப் பட்டப் படிப்புக்குச் செல்லும் மாணவனுக்குப் பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் விடுதி அறையை உறுதியளிக்கின்றன. முதுநிலை மாணவனுக்கும் ஆய்வு மாணவனுக்கும் அத்தகைய உறுதி எல்லா இடத்தும் கிடைப்பதில்லை. அவன் வளர்ந்தவன், தன் வழியைத் தானே பார்த்துக்கொள்வான் என்று கருதப்படுகிறான். ஆனால், அவனுடைய தேவையோ இளையவனுடைய தேவையைவிடப் பெரியது. சிலர் மனைவியோடும் குழந்தையோடும் செல்கின்றனர். ஆய்வு மூன்று நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. விடுமுறைக்கு வீடு திரும்பும் வழக்கமும் அவர்களுக்கில்லை.

அவன் எதிர்கொள்ளும் சிக்கலை ஒரு சங்கிலி எனலாம். வீட்டுக்காரர் அந்நாட்டிலேயே வேலை பார்க்கும் ஒருவரைப் பிணையாளராகக் கேட்கிறார். நேற்று விமானத்தில் வந்திறங்கியவனுக்குப் பிணை நிற்க அங்கே யார் இருக்கிறார்கள்? முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் நற்சான்று கேட்கப்படுகிறது. ஈப்போவிலோ ஜொகூரிலோ பெற்றோர் வீட்டில் வாழ்ந்தவனுக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் இருந்ததே இல்லை. ஜெர்மனியில் குடிபுகுந்த இரு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு 2015 நவம்பர் முதல் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் தேவை. பல வங்கிகளும் அலுவலகங்களும் அந்தப் பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்கின்றன. வங்கிக் கணக்கு இல்லாதவனுக்கோ வீடு கொடுக்க வீட்டுக்காரர் தயங்குகிறார். முகவரி இருந்தால்தான் கணக்கு. கணக்கு இருந்தால்தான் முகவரி. வித்து முந்தியா, மரம் முந்தியா என்னும் பழைய புதிரை ஓர் அந்நியன் குளிர்காலத் தெருவில் நின்று விடுவிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிருந்தபடியே அறையை உறுதி செய்யலாம் என்றால் ஏமாற்றுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவது அவர்கள் தொழில். இருக்கும் வீட்டை நேரில் பார்க்க இயலாதவனே இல்லாத வீட்டுக்குப் பணம் கட்டுகிறான். உள்ளூர் மாணவன் ஒரு மாலைப்பொழுதில் நடந்து சென்று முடித்துவிடும் காரியத்துக்கு அயலவன் பணத்தையும் உறக்கத்தையும் சில வேளை மானத்தையும் விலையாகத் தருகிறான்.

இத்தனையிலும் யாரும் அவனைப் பகைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பகை வெளிப்படையாக இருந்த காலமும் உண்டு. அதை முதலில் நோக்குவோம்.

தொலைபேசியில் ஒரு பெயர்

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946இல் லண்டனுக்குப் படிக்கச் சென்ற இளைஞர்களுள் லீ குவான் யூவும் ஒருவர். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் பிரதமரான அவர், 1998இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், அறை தேடித் தொலைபேசியில் பேசும்போது தம் பெயர் லீ என்றாலும் தாம் ஒரு சீனர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம் என்று எழுதியிருக்கிறார். லீ என்பது ஆங்கிலேயரிடையேயும் வழங்கும் பெயர். மறுப்பவர் தொலைபேசியிலேயே மறுத்துவிடட்டும், வீண் பயணமாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா இதே அனுபவத்தைப் பொருளாகக் கொண்டு, தொலைபேசி உரையாடல் என்னும் தலைப்பில் ஆங்கிலக் கவிதை எழுதினார். ஒருவர் ஆசியர், மற்றவர் ஆப்பிரிக்கர். இருவரும் தம் தோற்றத்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டனர். கொழும்புத் திட்டம் 1951இல் தொடங்கியபின் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாணவர் பலர் ஆஸ்திரேலியா சென்றனர். வெள்ளையர் அல்லாதார் குடியேறுவதைத் தடுக்கும் கொள்கையை அந்நாடு அப்போது கைவிட்டிருக்கவில்லை. மாணவனாக வரலாம், குடிமகனாக ஆகலாகாது என்ற அந்த இரட்டை நிலையினூடேதான் அவர்கள் அறை தேடினர்.

பிரிட்டனில் 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பெரும்பாலும் பொது இடங்களையே கருதியது. வீடு வாடகைக்குத் தருவதில் நிறத்தையும் இனத்தையும் காரணங்காட்டி மறுப்பதை 1968ஆம் ஆண்டின் சட்டமே சட்டவிரோதமாக்கியது. அமெரிக்காவிலும் அதே 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், நியாய வீட்டுவசதிச் சட்டம் கையொப்பமாயிற்று. மனிதன் நிலவில் கால் பதிப்பதற்கு ஓராண்டு முன்புதான், மண்ணில் ஒரு மனிதனுக்கு அறை மறுப்பது தவறென்று இவ்விரு நாடுகளின் சட்டங்களும் தெளிவாகச் சொல்லின.

என் வீடு, என் விருப்பம்

மறுப்பவரின் வாதத்தையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். "வீடு என்னுடையது. என் உழைப்பில் எழுந்தது. யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கில்லையா?" என்று அவர் கேட்கிறார். இதில் உண்மை இருக்கிறது. வீட்டு வாசற்படி என்பது உலகத்தின் உரிமைக்கும் ஒருவரின் உரிமைக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு. அந்தக் கோட்டை அழித்துவிட்டால் வீடு என்னும் சொல்லுக்கே பொருளில்லாமற் போகும்.

ஆனால், வீடு என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது மூன்று வட்டங்களை உள்ளடக்கியது. உள்வட்டம் அடுப்படி, ஒரே சமையலறையையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்துகொண்டு உடன் வாழும் இடம். நடுவட்டம், வீட்டுக்காரர் ஒரு பகுதியில் வாழ்ந்து மறுபகுதியை வாடகைக்கு விடும் இடம். வெளிவட்டம், அவர் வாழாத, வருமானத்துக்காகவே வாங்கிப் போட்டிருக்கும் வீடு. உள்வட்டத்தில் இருப்பது வாழ்க்கை. வெளிவட்டத்தில் இருப்பது வாணிகம்.

மேற்சொன்ன சட்டங்களை இயற்றியோரும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். உரிமையாளர் தாமும் உடனுறையும் சிறு இல்லங்களுக்குப் பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. அமெரிக்கச் சட்டமும், நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத வீட்டில் உரிமையாளரும் குடியிருந்தால் விலக்களித்தது. ஆயினும், அவ்விலக்குப் பெற்றவர்கூட, இன்ன இனத்தாருக்கு இடமில்லை என்று விளம்பரம் செய்தலாகாது என்று அமெரிக்கச் சட்டம் தடுத்தது. இதனுள் ஒரு நுட்பமான அறம் இருக்கிறது. உடன் வாழ்பவரைத் தேர்வது தனிமனிதரின் உரிமை. அத்தேர்வை ஊரறிய எழுதித் தொங்கவிடுவதோ, அவ்வழியே போகும் ஓரினத்தார் அனைவரையும் இழிவு செய்தல். ஒருவருக்கு அறை இல்லை என்பது வேறு. ஓரினத்துக்கே இடமில்லை என்பது வேறு.

ஆகவே, "என் வீடு, என் விருப்பம்" என்னும் வாதத்தின் வலிமை அடுப்படியிலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகிறது. ஐந்து வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டு, தரகர் மூலமே குடியிருப்போரைக் காணும் ஒருவர், தம் இல்லத்தின் அந்தரங்கத்தைக் காரணங்காட்ட இயலாது. அவர் கடை திறந்து வைத்திருக்கிறார். அரிசிக்கடைக்காரருக்குரிய அறமே அவருக்கும் உரியது.

"சமையல் மணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சிலர் கூறுவர். அதற்கும் விடை உண்டு. அறையில் எண்ணெய்ச் சமையல் கூடாது என்பது நடத்தையைப் பற்றிய விதி. வருபவர் எவராயினும் அவருக்கு அது பொருந்தும்; ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். இந்தியருக்கு அறை இல்லை என்பது பிறப்பைப் பற்றிய விதி. தன் வாழ்நாளில் அடுப்பே மூட்டியறியாத இந்திய மாணவனையும் அது வெளியே நிறுத்துகிறது. நடத்தைக்கு விதி செய்வது வீட்டுக்காரரின் உரிமை. பிறப்பை வைத்து நடத்தையை முடிவு செய்வது அநீதி.

முகமற்ற மறுப்பு

வெளிப்படையான பகைமைக்குச் சட்டம் மருந்தாயிற்று. ஆனால், நம் காலத்தில் மறுப்பு வேறு உருவம் எடுத்திருக்கிறது. அதற்கு முகமில்லை, ஆதலால் அதனோடு சினந்துகொள்ளவும் இயலவில்லை.

இங்கிலாந்தில், 2014ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, வாடகைக்கு வருபவர் அந்நாட்டில் தங்க உரிமையுடையவரா என்று வீட்டுக்காரரே சோதிக்க வேண்டும். 2016 பிப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும் இது நடைமுறைக்கு வந்தது. தவறினால் வீட்டுக்காரருக்கு அபராதம். நாமே அந்த வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இருவர் அறை கேட்டு வருகின்றனர். ஒருவரிடம் உள்ளூர்க் கடப்பிதழ். மற்றவரிடம் நமக்குப் புரியாத விசா ஆவணங்கள். நமக்கு எந்த இனத்தின்மீதும் வெறுப்பில்லை. ஆயினும் சிக்கல் இல்லாதவருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறதல்லவா? வெறுப்பே இல்லாமல் ஓர் அநீதி அங்கே நடந்துமுடிகிறது. இத்திட்டம் பாகுபாட்டை விளைவிக்கிறது என்று 2019இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பாகுபாடு விளைவதை அது முற்றாக மறுக்கவில்லை. அரசின் நோக்கத்தைக் கருதினால் திட்டம் நியாயப்படுத்தத்தக்கதே என்றது. கதவு மூடப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். மூடியது யார் என்று கேட்டால் விடையில்லை.

அறநூல்கள் பெரும்பாலும் தனிமனிதனின் உள்ளத்தையே நோக்கிப் பேசுகின்றன. வெறுக்காதே, வஞ்சிக்காதே, இரங்கு என்கின்றன. ஆனால், வெறுப்போ வஞ்சமோ இல்லாத நல்லவர்கள் பலர் சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் சிறிய எச்சரிக்கையை மட்டும் கடைப்பிடித்து, ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்திவிட முடியும் என்றால், உள்ளத்தூய்மை மட்டும் போதாது என்பது தெளிவு. அமைப்பும் தூயதாதல் வேண்டும். "நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை" என்பது பாதி விடையே. "என் வசதிக்காக நான் எடுக்கும் முடிவின் விலையை யார் கொடுக்கிறார்?" என்பதும் கேட்கப்பட வேண்டும்.

அழைத்தவரின் கடன்

இம்மானுவேல் காண்ட் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி 1795இல் நிலையான அமைதி குறித்து ஒரு நூல் எழுதினார். அயல்நாட்டான் ஒருவன் மண்ணில் வந்து இறங்கும்போது பகைவனாக நடத்தப்படாதிருப்பது கருணையின்பாற்பட்டதன்று, அவனுக்குரிய உரிமை என்றார் அவர். பூமி உருண்டையானது, மனிதர் எல்லையின்றிச் சிதறிப்போக இயலாது, ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். ஆனால், வருகை தருவதற்கான உரிமை வேறு, விருந்தினனாகத் தங்குவதற்கான உரிமை வேறு என்றும் அவர் பிரித்தார். பின்னதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்பது அவர் கருத்து.

வெளிநாட்டு மாணவனை இவ்விரண்டில் எதனுள் அடக்குவது? அவன் வழி தவறி வந்த பயணி அல்லன். பல்கலைக்கழகம் அவனுக்குக் கடிதம் எழுதி அழைத்திருக்கிறது, அரசு விசா தந்திருக்கிறது, கட்டணம் பெறப்பட்டிருக்கிறது. காண்ட் வேண்டிய அந்தத் தனி உடன்பாடு இங்கே செய்துகொள்ளப்பட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும். பிரிட்டன் 1980இல் வெளிநாட்டு மாணவரிடம் கல்வியின் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கத் தொடங்கியதை நம்மில் மூத்தோர் நினைவுகூர்வர். மலேசியா 1981இல் பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாக வாங்குவோம் என்று அறிவித்ததற்கு அக்கட்டண உயர்வும் ஒரு காரணம். அன்றுமுதல் வெளிநாட்டு மாணவன் விருந்தினன் என்னும் நிலையிலிருந்து வாடிக்கையாளன் என்னும் நிலைக்கு மாறினான். விருந்தினனுக்குரிய உபசரிப்பு போயிற்று. வாடிக்கையாளனுக்குரிய உத்தரவாதமோ முழுமையாக வந்துசேரவில்லை.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 2018இல் அறை கிடைக்காத வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடாரங்கள் அமைக்க வேண்டியதாயிற்று. 2022இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, தங்குமிடம் உறுதியாகாவிட்டால் வரவேண்டாம் என்று தாம் சேர்த்துக்கொண்ட மாணவர்களுக்கே அறிவுறுத்தின. வீட்டு நெருக்கடியை ஒரு காரணமாகக் காட்டி 2024 ஜனவரியில் கனடா வெளிநாட்டு மாணவர் அனுமதிகளுக்கு வரம்பு விதித்தது. வரவேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்வது வரவழைத்துத் தவிக்கவிடுவதைவிட நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், இலை போட்டு அழைத்துவிட்டு, பந்தியில் இடமில்லை என்று வாசலில் வந்து சொல்பவரை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்? உள்ளூர் ஏழைக்கும் வீடு கிடைக்கவில்லை என்பது உண்மை. அவன் குறையைத் தீர்ப்பது அரசின் கடமை. ஆனால், வீடு கட்டத் தவறிய பழியை, கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்கும் மாணவன்மேல் சுமத்துவது முறையாகாது.

அழைப்பின் கடனை உணர்ந்தவர்களும் இருந்தனர். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஈ. எச். நெவில் 1914இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, இராமானுசனைச் சந்தித்துத் தம் பல்கலைக்கழகத்துக்கு வருமாறு இணங்கச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் இராமானுசன் இங்கிலாந்து சேர்ந்தபோது, முதற் சில வாரங்கள் நெவிலின் வீட்டிலேயே தங்கினார். பின்னரே டிரினிட்டி கல்லூரி அறைக்குச் சென்றார். அழைத்தவரே கூரையும் தந்தார். அந்தச் சில வாரங்கள் கணித வரலாற்றில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமற் போகலாம். ஆனால், கடல் கடந்து வந்த ஒருவனுக்கு முதல் மாதத்தின் கூரை எத்தகையது என்பதை அயல்நாட்டில் வாழ்ந்தோர் அறிவர்.

சேலத்தில் பிறந்த கே. டி. பால் அவர்கள் 1920இல் லண்டனில் இந்திய மாணவர்க்கென ஒய்.எம்.சி.ஏ. விடுதியை நிறுவினார். ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் 1909இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகப் படிக்கட்டில் ஒரு சீன மாணவனுக்கு வணக்கம் சொன்னார். வந்து மூன்று வாரங்களாகியும் தன்னிடம் முதலில் பேசியவர் அவர்தாம் என்று அம்மாணவன் கூறியது அவர் உள்ளத்தை வருத்தியது. அந்த வருத்தமே 1924இல் அனைத்துலக இல்லமாக எழுந்தது. அடுத்து 1930இல் பெர்க்லியில் அத்தகைய இல்லம் எழுந்தபோது, பல இனத்தாரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதை உள்ளூரார் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பை மீறியே அது நின்றது. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கருணை தனிமனிதரின் உள்ளத்தில் பிறந்தாலும், அது கட்டடமாகவும் விதியாகவும் நிலைபெற்றபோதுதான் முகமறியாத அடுத்த மாணவனுக்கும் பயன்பட்டது. தனிக்கருணை, முகம் பிடித்தவருக்கே கதவைத் திறக்கும். அமைப்பாகிவிட்ட கருணையோ முகம் பார்ப்பதில்லை.

நம் வாசலில்

இதுகாறும் பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம் வாசலையும் சற்று நோக்க வேண்டும்.

சிங்கப்பூரின் வாடகை விளம்பரங்களில் இந்தியருக்கும் சீன நாட்டவருக்கும் இடமில்லை என்று எழுதப்படுவதை 2014இல் பிபிசி செய்தியாக வெளியிட்டது. மலேசியாவிலும் இன்ன இனத்தாருக்கு மட்டும் என்னும் விளம்பரங்கள் நாம் அறியாதவை அல்ல. தமிழ்ப்பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்று சொல்லப்பட்ட அனுபவம் நம்மவருள் பலருக்கு உண்டு. அந்தக் கசப்பு நியாயமானது. ஆனால், அதே கசப்பை அனுபவித்த நம்மவருள் சிலர், தம் வீட்டை வாடகைக்கு விடும்போது ஆப்பிரிக்க மாணவனையும் வங்காளதேச மாணவனையும் கண்டு கதவைச் சாத்துவதில்லையா? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைக் கல்விக்காக வந்திருப்பவர் என்று தெரிந்தும், "இவர்கள் இப்படித்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில்லையா? அடிபட்டவன் அடிப்பதை வெறுப்பான் என்று எதிர்பார்க்கிறோம். பல வேளைகளில் அவன் கற்றுக்கொள்வது அடிக்கும் முறையைத்தான்.

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக, இல்லறவியலில் வைத்தார். இல்வாழ்வின் பயன்களுள் அதை ஒன்றாக எண்ணினார் என்பது இதனால் புலனாகும். விருந்து என்னும் சொல்லின் மூலப்பொருள் புதுமை என்பது. தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகளுள் ஒன்றைப் புதுமை என்னும் இப்பொருளிலேயே விருந்து என்று கூறுகிறது. அந்நாளில் விருந்தினர் எனப்பட்டோர் புதியவர், முன்பின் அறியாதவர். மாமனும் மைத்துனனும் சுற்றத்தார். அவர்களைப் பேணுவது சுற்றந்தழால் என்னும் வேறோர் அறம். இன்றோ உறவினர் வந்தால் விருந்தாளி வந்திருக்கிறார் என்கிறோம். புதியவர் வந்தால் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசுகிறோம். சொல்லின் பொருள் மாறியதில் நம் வாழ்வின் மாற்றமும் பதிந்திருக்கிறது.

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோர்க்கும் ஒண்ட ஓர் இடம் தேவைப்பட்டது. நகரத்தார் தம்மவர்க்காகக் கிட்டங்கிகளை வைத்திருந்தனர். தொழிலும் உறக்கமும் அங்கேயே நிகழ்ந்தன. தோட்டத்துக்குப் போனவர்க்கு லயத்து வீடு கிடைத்தது. அதுவும் வேலை உள்ளவரைதான். வேலை போனால் கூரையும் போயிற்று. பிறருடைய கூரையின்கீழ் அவர் தயவில் வாழ்வது இன்னதென்று நம் சமுதாயத்தைப்போல் அறிந்த சமுதாயம் இந்நாட்டில் எத்தனை உண்டு? அந்த அறிவு நம்மைக் கனிவுள்ளவர்களாக்க வேண்டும். தன்னினத்தைத் தாங்கிய கிட்டங்கி போற்றத்தக்கதே. ஆயினும் அது சுற்றந்தழாலின் எல்லையில் நின்றது. புதியவருக்கும் திறக்கும் கதவே வள்ளுவர் கூறிய விருந்தோம்பலின் எல்லையைத் தொடும்.

தேடுபவனின் அறம்

அறை தேடுபவனுக்கும் அறம் உண்டு. மறுக்கப்படுவோம் என்று அஞ்சித் தன் பெயரை மாற்றிச் சொல்வது சரியா? நீதியற்ற வினாவுக்கு முந்திக்கொண்டு விடையளிக்கும் கடமை எவனுக்கும் இல்லை. ஆகவே, தன் இனத்தைத் தானே அறிவிக்காதிருப்பது பொய்யாகாது. ஆனால், எத்தனை பேர் தங்குவார்கள், எவ்வளவு காலம் இருப்பார்கள், வாடகைக்கு வழி என்ன என்பவை வீட்டுக்காரர் கேட்கத்தக்க வினாக்கள். இருவர் என்று சொல்லி ஐவர் தங்குவதும், ஒப்பந்தம் முடியுமுன் சொல்லாமற் போய்விடுவதும் வஞ்சம். ஏழ்மை அதற்கு விளக்கமாகலாம், நியாயமாகாது. லீ குவான் யூ தம் இனத்தை முன்கூட்டிச் சொன்னது அவர் தம் தன்மானத்தைக் காத்துக்கொண்ட முறை. அதை எல்லாருக்கும் விதியாக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றும் சொல்லத்தக்கது. "நீ உன் இனத்தின் தூதன், நீ தவறினால் உனக்குப்பின் வரும் எவனுக்கும் அறை கிடைக்காது" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். நல்லெண்ணத்தில் சொல்கிறோம். உள்ளூர் மாணவன் சுவரைப் பாழாக்கினால், அவன் பாழாக்கினான் என்பர்; அயலவன் பாழாக்கினால், அவனினமே அப்படித்தான் என்பர். இந்த அநீதியான கணக்கை நாமும் ஏற்றுக்கொண்டு பிள்ளையின் முதுகில் ஏற்றிவிடுகிறோம். அவன் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு அவன் ஒரு மனிதன் என்பதே போதிய காரணம். ஓரினத்தின் பாரம் முழுவதையும் ஒரு மாணவனின் பெட்டியோடு கட்டி அனுப்ப வேண்டியதில்லை.

முடிவாக

கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். உடனுறையும் அடுப்படியில் இடம் தருவது கருணை. அதைக் கட்டாயப்படுத்த இயலாது, போற்றத்தான் இயலும். வாணிகமாகிவிட்ட வீட்டில் பிறப்பைப் பார்த்து மறுக்காதிருப்பது நீதி. அதைச் சட்டம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அழைத்து, கட்டணம் பெற்று, வரவழைத்தவர்கள் கூரைக்கு வழிசெய்வது கடமை. பல்கலைக்கழகமே மாணவனுக்குப் பிணை நிற்கலாம். முதல் மாதத்துக்கேனும் ஓர் அறையை உறுதி செய்யலாம். அதற்கு இயலாதபோது அழைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அயல்நாட்டில் வாழும் நம்மவர், வரவிருக்கும் மாணவனுக்காக ஓர் அறையை நேரில் சென்று பார்த்துச் சொல்லலாம். அவர்களுக்கு அது ஒரு மணிநேர வேலை, அவனுக்கோ ஆண்டு முழுதும் நிம்மதி.

நம் ஊரில் வாடகைக்கு வீடு வைத்திருப்போர் செய்யத்தக்கது அதனினும் எளிது. அடுத்த முறை தரகர் தொலைபேசியில் அழைத்து, "கேட்பவர் இன்ன நாட்டவர், பரவாயில்லையா?" என்று வினவும்போது, "அவர் என்ன படிக்கிறார், எப்போது வீட்டைப் பார்க்க வருகிறார்?" என்று திருப்பிக் கேட்டால் போதும். அந்த ஒரு வினாவில் ஓரினம் மறைந்து ஒரு மனிதன் தெரிவான். அவனை நேரில் பார்த்தபின் கொடுப்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. பாராமலே மறுக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.